படிக்கட்டுக்கு வாருங்கள்: நியூகாசல் யுனைடெட் இயக்குநர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் யாசிர் அல்-ருமையான் அவர்களுக்கும், இயக்குநர் சபை உறுப்பினர்களுக்கும், புதிய தலைமை நிர்வாகியாக அறிவிக்கப்பட்டிருக்கும் டேவிட் ஹாப்கின்சன் அவர்களுக்கும்,

வணக்கம்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி, ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதியுள்ள பரிமாற்றக் காலத்தின் கடைசி நாளில், நம் காற்பந்துக் கழகத்தின் முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரர் அலெக்சாண்டர் இசாக் லிவர்பூலுக்கு விற்கப்பட்டார். 125 மில்லியன் பவுண்டு என்று சொல்லப்படும் அந்தத் தொகை, பிரிட்டனின் கழகம் ஒன்று ஓர் ஆட்டக்காரருக்காக இதுவரை கொடுத்ததிலேயே மிகப் பெரியது. ஆகஸ்ட் முதல் நாள் லிவர்பூல் 110 மில்லியன் தருவதாகச் சொன்னபோது மறுத்தீர்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, 15 மில்லியன் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு சம்மதித்தீர்கள். போக விரும்பிய இசாக் ஆட மறுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்தில் ஆதரவாளர்களாகிய நாங்கள் எங்களுக்குள் வாதாடினோம், கோபித்துக்கொண்டோம், சிலரோடு பேச்சையே நிறுத்தினோம். நாங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு உங்களிடமிருந்து முழுமையான விளக்கம் இன்றுவரை வரவில்லை. அதைக் கேட்டே சிங்கப்பூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவத்தைக் கழகத்துக்கு அனுப்புகிறேன். இங்கே தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், கோடை முழுவதும் இந்த விவகாரத்தை என்னோடு விவாதித்தவர்கள் தமிழர்கள் என்பதுதான்.

அந்த விவாதத்தில் என்னென்ன பேசப்பட்டன என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஒரு சாரார் ஒரு பென்னி குறைத்தும் விற்கக் கூடாது என்றார்கள். 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது, கையெழுத்து அவருடையது, ஆட மறுத்தால் உட்கார்ந்திருக்கட்டும், இன்று இவருக்கு வழிவிட்டால் நாளை நம் மற்ற முக்கிய ஆட்டக்காரர்களான புருனோ கிமராய்ஸுக்கும் சாண்ட்ரோ டொனாலிக்கும் அதே வழி திறந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். இன்னொரு சாரார் 110 மில்லியன் வந்த அன்றே கைகுலுக்கியிருக்க வேண்டும் என்றார்கள். மனம் விலகிய ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அந்தப் பணத்தில் இரண்டு பேரை வாங்கலாமே என்று கேட்டார்கள். மூன்றாவதாகச் சிலர், விலையைப் பற்றிக் கவலையில்லை, இசாக் செய்த துரோகத்தை மன்னிக்கவே முடியாது என்றார்கள். காப்பிக்கடை மேசையில் நள்ளிரவு தாண்டியும் இந்த மூன்று குரல்களும் ஓயவில்லை. மூன்றிலும் ஓரளவு நியாயம் இருந்தது. மூன்றுமே அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு பேசப்பட்டன என்பதும் உண்மை. ஏனெனில் கழகம் என்ன விலை கேட்கிறது, எந்த நிபந்தனையில் விற்கும், எந்தத் தேதிக்குப் பிறகு விற்காது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

விற்றது தவறு என்று நான் வாதிட வரவில்லை. 2022 ஆகஸ்டில் ரியல் சோசியடாட்டிடமிருந்து சுமார் 63 மில்லியன் பவுண்டுக்கு, ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் அவரை வாங்கினீர்கள். கணக்கியல் முறைப்படி அந்தத் தொகை ஆறு ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதப்படும். எனவே மூன்றாண்டு முடிவில் ஏட்டில் நிற்கும் மதிப்பு ஏறத்தாழ பாதிதான். விற்ற தொகையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் சுமார் 90 மில்லியன் பவுண்டு, இந்த ஆண்டுக் கணக்கிலேயே இலாபமாக ஏறிவிடும். மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற பிரிமியர் லீக் விதியின் கீழ் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு கழகத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, 2024 ஜூன் இறுதியில் எலியட் ஆண்டர்சனையும் யான்குபா மின்டேயையும் அவசரமாக விற்க நேர்ந்ததைப் பார்த்த எவரும் உணர்வர். ஆண்டர்சன் அந்த மண்ணில் பிறந்து, கழகத்தின் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்தவர். இந்த மாதம் அவர் இங்கிலாந்துச் சட்டையை முதன்முதலாக அணிந்தபோது நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டின் ஆட்டக்காரராகத்தான் அணிந்தார். கணக்கு ஏட்டைச் சரிக்கட்ட அவரைக் கொடுத்ததைவிட, வெளியேறத் துடித்த ஒருவரை இவ்வளவு பெரிய தொகைக்குக் கொடுத்தது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

இசாக்கின் நடத்தையை நான் நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஆட்டக்காரர் ஒருவர் கழகத்தை எதிர்த்து ஆட மறுப்பது என்றதும் நியூகாசல் ஆதரவாளர்களுக்கு நம் முன்னாள் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நினைவுக்கு வந்தே தீர வேண்டும். 1960இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, வேறு கழகத்துக்குப் போக அனுமதி கேட்டார். அன்றைய விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகம் தன் கையிலேயே வைத்திருந்து, அவர் வேறு கழகத்துக்குப் போகாமல் தடுக்கலாம். சம்பளமும் கொடுக்க வேண்டியதில்லை. நியூகாசல் அவரை விடவில்லை. அவர் ஆடுவதை நிறுத்திவிட்டுத் தெற்கே போய், நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்றுப் பிழைத்தார். மாதங்கள் ஓடிய பிறகு 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். விற்ற பிறகும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த ஏற்பாடு தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தார். இங்கிலாந்தில் காற்பந்து ஆட்டக்காரர்களின் விடுதலைக்கு அடிகோலிய அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற கழகம் நம்முடையது.

ஈஸ்ட்ஹாமையும் இசாக்கையும் ஒரே தட்டில் வைக்க நான் மாட்டேன். ஈஸ்ட்ஹாமின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, இசாக்குக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. முன்னவர் தனக்கு முன்னும் பின்னும் வந்த எல்லா ஆட்டக்காரர்களின் குறையையும் சுமந்து நீதிமன்றத்துக்குப் போனார், பின்னவர் தன் விருப்பத்துக்காகச் சக ஆட்டக்காரர்களைப் பருவத் தொடக்கத்தில் தவிக்க விட்டார். என்றாலும் அந்தப் பழைய வழக்கு நம் கழகத்துக்குச் சொல்லும் செய்தி இன்றும் மாறவில்லை. போக நினைப்பவரைப் பிடித்து வைத்திருக்க ஒப்பந்தத்தாளால் முடியலாம். ஆட வைக்க முடியாது. இதை எந்தக் கழகத்தையும்விட முன்னதாகவே, அதிக விலை கொடுத்துக் கற்றது நியூகாசல். அப்படியிருக்க, இசாக்கின் மனம் விலகுகிறது என்ற அறிகுறி தெரிந்த அன்றே, வைத்துக்கொள்வது, விற்பது என்ற இரண்டு வழிகளுக்கும் ஆயத்தமாகியிருக்க வேண்டும் அல்லவா?

அந்த ஆயத்தம் இல்லை என்பதே என் முதல் குறை. ஜூன் மாதத்தோடு தாக்குதல் ஆட்டக்காரர் கேலம் வில்சனின் ஒப்பந்தம் முடிந்து அவர் விடைபெற்றார். இசாக்கும் இல்லையென்றால் அணியில் மிஞ்சும் முறையான தாக்குதல் ஆட்டக்காரர் இளம் வில்லியம் ஒசுலா மட்டுமே என்பது ஜூலையிலேயே தெரிந்த செய்தி. ஜோவாவ் பெட்ரோ செல்சிக்குப் போனார். ஹூகோ எக்கிடிகே லிவர்பூலுக்கும், பெஞ்சமின் செஷ்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போனார்கள். நாம் விரும்பிய ஒவ்வொருவரும் வேறு கதவைத் தட்டினார்கள். அதே கோடையில் விளையாட்டு இயக்குநர் பால் மிட்செல் ஜூன் இறுதியில் விலகினார். தலைமை நிர்வாகி டேரன் ஈல்ஸ், உடல்நலக் காரணத்தால் பொறுப்பிலிருந்து விலகப்போவதாக முந்தைய ஆண்டே அறிவித்திருந்தார். ஈல்ஸ் அவர்களின் நிலையை எண்ணி எல்லோரும் வருந்தினோம், அவர் நலம்பெற வேண்டுகிறோம். ஆனால் அவருக்கு அடுத்தவரை அமர்த்த ஓராண்டு இருந்தது. கழகத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய விற்பனையைப் பேசி முடிக்க வேண்டிய மாதங்களில், அந்தப் பேச்சுக்கு உரிய நாற்காலிகள் காலியாகவோ காலியாகும் நிலையிலோ இருந்தன.

இதன் விளைவைப் புள்ளிப் பட்டியலில் பார்த்தோம். ஆகஸ்ட் 16ஆம் தேதி ஆஸ்டன் வில்லா கடைசி இருபத்துச் சொச்சம் நிமிடங்களைப் பத்துப் பேருடன் ஆடியும் நம்மால் ஒரு கோல் போட முடியவில்லை. 25ஆம் தேதி லிவர்பூலுடனான ஆட்டம் சிங்கப்பூரில் மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. தாக்குதல் ஆட்டக்காரரின் இடத்தில் நிறுத்தப்பட்ட ஆண்டனி கோர்டன் முதல் பாதி முடியும் தறுவாயில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேராக இருந்து, இரண்டு கோல் பின்தங்கி, கிமராய்ஸும் ஒசுலாவும் சமன்செய்து கொடுத்த அந்த ஆட்டத்தை, கூடுதல் நேரத்தின் பத்தாவது நிமிடத்தில் 16 வயது ரியோ இங்குமோகா போட்ட கோலில் இழந்தோம். வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நம் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தார்கள் என்று பெருமைப்பட்டேன். அவர்களை இந்த நிலையில் நிறுத்தியவர்கள்மீது அவ்வளவு கோபமும் வந்தது. 30ஆம் தேதி லீட்ஸுடன் மீண்டும் கோலில்லாச் சமநிலை. மூன்று ஆட்டங்களில் இரண்டு புள்ளிகள். புதிய தாக்குதல் ஆட்டக்காரர் நிக் வோல்டமாடவை ஒப்பந்தம் செய்தது அந்த லீட்ஸ் ஆட்டம் நடந்த நாளில். இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரர் யோவான் விஸ்ஸா வந்தது கடைசி நாளில். வோல்டமாட தம் முதல் ஆட்டத்திலேயே, செப்டம்பர் 13ஆம் தேதி வுல்வ்ஸ் அணிக்கு எதிராகத் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார். அவர் நன்றாக ஆடுவார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்திருந்தால் என்ற கேள்வியை அந்தக் கோல் எழுப்பத்தானே செய்கிறது.

இரண்டாவது குறை மௌனம். என்னைப் பொறுத்தவரை இதுவே பெரிது.

ஜூலை 27ஆம் தேதி, காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கத்தில் நம் அணி ஆர்சனலை எதிர்த்து ஆடியது. என் அக்கா மகனுக்குப் பதினோரு வயது. அந்த ஆட்டத்துக்காகவே 14ஆம் எண்ணும் இசாக்கின் பெயரும் பொறித்த கருப்பு வெள்ளைச் சட்டையை வாங்கியிருந்தான். தொடையில் சிறு காயம், அதனால் இசாக் ஆசியப் பயணத்துக்கு வரவில்லை என்று சில நாள் முன்பே அறிவிப்பு வந்துவிட்டது; அதே வேளையில் அவர் வேறு கழகத்துக்குப் போக விரும்புகிறார் என்ற செய்தியும் எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. பையன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தான். ஆந்தனி எலாங்கா முதல் கோலைப் போட்டபோது எழுந்து குதித்தான்; ஆட்டம் 3-2 என்று கைநழுவியபோதும் அவன் உற்சாகம் குறையவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, இசாக் இருப்பாரா போவாரா?” தெரியவில்லை என்றேன். மறுநாளும் கேட்டான், மறுவாரமும் கேட்டான். பெரியவர்கள் ஐந்து வாரம் வாதாடியதும் இதே கேள்விக்காகத்தான்.

ஆகஸ்ட் 19ஆம் தேதி இசாக், வாக்குறுதிகள் மீறப்பட்டு நம்பிக்கை போய்விட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். அன்றிரவே கழகம் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கோடையில் அவர் போகலாம் என்று கழகப் பொறுப்பாளர் எவரும் வாக்களிக்கவில்லை. விற்பதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை. அவை நிறைவேறும் என்று எதிர்பார்க்கவும் இல்லை என்பதே அதன் சாரம். நிதானமாக எழுதப்பட்ட அறிக்கை என்று பலர் பாராட்டினார்கள். நானும் அப்போது நிம்மதியடைந்தவர்களில் ஒருவன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவர் விற்கப்பட்டார். அப்படியானால் அந்த நிபந்தனைகள் என்ன? மாற்று ஆட்டக்காரர் கிடைக்க வேண்டும் என்பதா, குறிப்பிட்ட விலையா, இரண்டுமா? செப்டம்பர் 1க்குள் அவற்றில் எது நிறைவேறியது, எது தளர்த்தப்பட்டது? அன்றைய அறிக்கையை நம்பி, விற்க மாட்டார்கள் என்று மற்றவர்களிடம் உங்களுக்காக வாதாடியவர்களுக்கு இதைச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு.

பேரம் நடக்கும்போது எல்லாவற்றையும் வெளியே சொன்னால் எதிர்த்தரப்புக்கு அது சாதகமாகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். பேரம் நடந்துகொண்டிருந்த மாதத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். பேரம் முடிந்துவிட்ட இன்று அது பொருந்தாது. மேலும், 150 மில்லியன் பவுண்டு கேட்கிறீர்கள் என்று நாளிதழ்கள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்த நிலையில், யாரிடமிருந்து எதை மறைத்தீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தொகை லிவர்பூலுக்குத் தெரியும், முகவர்களுக்குத் தெரியும், செய்தியாளர்களுக்குத் தெரியும். உறுதியாகத் தெரியாமல் இருந்தவர்கள் ஆதரவாளர்கள் மட்டுமே.

நம் கழகத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1995 ஜனவரியில் ஆண்டி கோல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அதற்கு முந்தைய பருவத்தில் மட்டும் 41 கோல் போட்டவர் அவர். ஆறு மில்லியன் பவுண்டும் கீத் கில்லஸ்பியும் பதிலுக்கு வந்தபோது ஊரே கொதித்தது. ஆதரவாளர்கள் நம் விளையாட்டரங்கமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் வாசலில் திரண்டார்கள். பயிற்றுநர் கெவின் கீகன் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். கத்தியவர்களின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். முடிவு தன்னுடையது, நல்லதென்று எண்ணியே எடுத்தேன், பிழையாகிப்போனால் பொறுப்பும் என்னுடையதே என்ற கருத்தில் அவர் சொன்னதை இன்றும் ஒளிப்பதிவில் பார்க்கலாம். கூட்டத்தில் எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை. கேள்வி கேட்டவர் மறுபடியும் கேட்டார், கீகனும் மறுபடியும் பதில் சொன்னார். அடுத்த கோடையில் லெஸ் ஃபெர்டினாண்ட் வந்தார், 1995-96 பருவத்தில் லீக்கில் மட்டும் 25 கோல் போட்டார், அணி இரண்டாமிடம் பிடித்தது; 1996இல் உலகச் சாதனை விலையான 15 மில்லியன் பவுண்டுக்கு ஆலன் ஷியரர் வந்து சேர்ந்தார். ஆனால் இவையெல்லாம் பின்னால் நடந்தவை. படிக்கட்டில் நின்ற அன்று கீகனின் கையில் இவற்றில் எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒரு காரணமும் அதைச் சொல்லும் நேர்மையும் மட்டுமே இருந்தன.

இதற்கு மாறான முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2011 ஜனவரி 31ஆம் தேதி, பரிமாற்றக் காலத்தின் கடைசி மணிகளில், கேட்ஸ்ஹெட்டில் பிறந்த ஆண்டி கேரல் 35 மில்லியன் பவுண்டுக்கு இதே லிவர்பூலுக்குத் தரப்பட்டார். அந்த இடத்தை நிரப்ப அன்று எவரும் வரவில்லை, உரிமையாளர் ஆதரவாளர்கள்முன் வந்து விளக்கம் சொல்லவும் இல்லை. விலை நல்ல விலைதான், பின்னாளில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் அன்றைய உரிமையாளர்மீது மக்களுக்கு ஏற்பட்ட அவநம்பிக்கை அவர் விற்றுவிட்டுப் போகும்வரை தீரவில்லை. 2021 அக்டோபரில் நீங்கள் கழகத்தை வாங்கியபோது மக்கள் வீதியில் கொண்டாடியதற்கு அந்தப் பத்தாண்டு மௌனமும் ஒரு காரணம். இந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதி வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என வென்று, 1955க்குப் பிறகு முதல் உள்நாட்டுக் கிண்ணத்தைத் தூக்கினோம்; டேன் பர்ன் ஒரு கோலும் இசாக் இன்னொன்றும் போட்டார்கள். அவ்வளவு நம்பிக்கையை ஈட்டிய நீங்கள், ஆறே மாதத்தில் அதை வீணாகச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டக்காரர்களை விற்பதில் ஆதரவாளர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று நான் கோரவில்லை. இந்த ஜூலையில் நிறைவேறிய இங்கிலாந்தின் காற்பந்து ஆளுகைச் சட்டமும் அதைக் கோரவில்லை. கழகத்தின் சின்னம், சட்டை நிறம், விளையாட்டரங்கம், நுழைவுச்சீட்டு விலை போன்றவற்றில் ஆதரவாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதோடு அது நிற்கிறது. யாரை வாங்குவது, யாரை விற்பது என்பது பயிற்றுநர் எடி ஹாவும் நீங்களும் முடிவு செய்ய வேண்டியது. முடிவெடுத்த பிறகு அதற்கு முகம் கொடுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

ஜனவரியில் பரிமாற்றக் காலம் மீண்டும் திறக்கும். கிமராய்ஸுக்கும் டொனாலிக்கும் கோர்டனுக்கும் யாராவது விலை பேசத்தான் போகிறார்கள். அதற்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடுமாறு பணிவுடன் கேட்கிறேன். காலியாக இருக்கும் விளையாட்டு இயக்குநர் பதவியை நிரப்புங்கள். முக்கிய ஆட்டக்காரர் எவரையும், அவருக்கு மாற்றானவர் கையெழுத்திடாமலும், பரிமாற்றக் காலத்தின் கடைசி வாரத்திலும் விற்க மாட்டோம் என்பதைக் கழகத்தின் கொள்கையாக வகுத்து, எல்லோரும் அறியச் சொல்லுங்கள். அப்படி ஒரு கொள்கை தெரிந்திருந்தால் வாங்க வருபவர்களும் காலத்தோடு வருவார்கள், ஆதரவாளர்களும் வதந்தியை வைத்து ஒருவரையொருவர் கடித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவதாக, ஆகஸ்ட் 19ஆம் தேதி அறிக்கையில் குறிப்பிட்ட நிபந்தனைகள் யாவை, அவை எப்படி மாறின என்பதை, கழகத்தின் ரசிகர் ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவர் நேரில் வந்து சொல்லட்டும். எழுதி வாசிக்கும் அறிக்கையாக இல்லாமல், கேள்விகளுக்கும் இடம் கொடுத்து அதைச் செய்தால் மகிழ்வேன். அந்தக் கூட்டத்தின் குறிப்பு வெளியானால், இங்கே எங்கள் ஆதரவாளர் வட்டத்தில் அதைத் தமிழில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கழகத்தின் ஆதரவாளர் ஒருவர்,
சிங்கப்பூர், செப்டம்பர் 2025